என்னைக் கேக்காமலே என்னை மன்னிச்சுப்போட்டான்!

கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு வாசகர் ஏழு பக்கத்தில கடிதம் எழுதியிருக்கிறார். பேர், ஊர், கோயில் ஒண்டும் போடேல்ல, ஆளை அடையாளம் பிடிக்காமலிருக்க நானும் சில விஷயத்தை மாத்தியிருக்கிறன். கதை இதுதான்.

அவருக்கு 41 வயசு, கத்தோலிக்கர், தோட்டம் செய்யிறவர், கோயில் பாடல்குழுவில பாடுறவர். அதே குழுவில தபேலா அடிக்கிறவர்தான் அவற்ற சின்ன வயசுச் சிநேகிதன். 2009ல இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில ரெண்டு குடும்பமும் ஒரே கூடாரத்தில, நடுவில ஒரு சீலையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்ததுகள். இந்த வருஷம் மாசிக் கடைசியில சிநேகிதன் கச்சானுக்கு இறைக்கவெண்டு இவற்ற மண்ணெண்ணெய் மிசினை இரவல் வாங்கிக்கொண்டு போனவர். மூண்டு நாள் கழிச்சு மிசின் வந்தது, கழுவித் துடைச்சு பளபளவெண்டு, ஆனா ஸ்டார்ட் வரேல்ல. கராஜ்காரர் கழட்டிப் பாத்திட்டு "ஒயில் இல்லாமல் ஓடியிருக்கு, பிஸ்டன் இறுகிப்போச்சு" எண்டு 14,500 ரூபா வாங்கிப்போட்டார். வாசகர் சிநேகிதனிட்ட ஒரு சொல்லும் கேக்கேல்ல. கிறிஸ்தவன்தானே, மன்னிச்சு விடுவம் எண்டு விட்டிட்டாராம். விட்டிட்டார் எண்டது அவற்ற சொல்லு.

மூண்டு கிழமை செல்ல, செபக்கூட்டத்தில ஆளாளுக்கு எழும்பி மன்றாட்டுச் சொல்லேக்க சிநேகிதனும் எழும்பி, கண்ணை மூடிக்கொண்டு, "மிசின் விஷயத்தில என்னைப் பிழையா நினைச்சுக்கொண்டிருக்கிற ஒரு சகோதரனை நான் மனதார மன்னிக்கிறன், அவருடைய மனம் இளகவேண்டுமெண்டு மன்றாடுவோம்" எண்டிருக்கிறார். சனம் முழுக்க "ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" எண்டிச்சுது. எங்கட வாசகரும் பழக்கதோசத்தில சத்தமாச் சேந்து சொல்லி முடிச்ச பிறகுதான் அந்தச் சகோதரன் தான்தான் எண்டு பிடிபட்டது.

அடுத்த கிழமை இவர் எழும்பி "இரவல் வாங்கின பொருளை ஒயில் பாக்காமல் பாவிக்கிற எல்லாருக்காகவும்" மன்றாடினார். சனம் அதுக்கும் கேட்டருளும் எண்டிச்சுது. அதோட பங்குத்தந்தை, இனி மன்றாட்டெல்லாம் முதலே எழுதித் தந்து தான் பாத்த பிறகுதான் வாசிக்கலாம் எண்டு சொல்லிப்போட்டார்.

இப்ப சண்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில நடக்குது, சிநேகிதன் "கண்ணில இருக்கிற துரும்பு, உத்திரம்" வசனத்தைப் போட்டா வாசகர் பத்துக் கட்டளையில ஒண்டைப் போடுறார். பூசையில சமாதானம் சொல்லுற நேரம் வந்தா வாசகர் தபேலாப் பக்கம் திரும்பாமல் மற்றப் பக்கம் திரும்பி, அங்க ஆக்கள் இல்லாதபடியா, சவுண்ட் பொக்ஸுக்குக் கும்பிடு போடுறாராம். பாஸ்குப் பெருநாளுக்கு, எதிரிக்குச் சாப்பாடு குடுத்தா அவன் தலையில நெருப்புத்தணலைக் குவிச்ச மாதிரி எண்டு பவுலடியார் உரோமையருக்கு எழுதினதை நம்பி ஒரு பெட்டி பலகாரம் அனுப்பியிருக்கிறார். சிநேகிதன் அதைச் சாப்பிட்டு முடிச்சுப்போட்டு "பயித்தம்பணியாரம் நல்லா இருந்தது, இன்னும் கிடக்கோ" எண்டு மகனை அனுப்பிக் கேட்டிருக்கிறார். தணல் ஒண்டும் தெரியேல்லையாம்.

இவ்வளவுக்கும் நடுவில ஒரு சி.ஆர். கொப்பி. திகதி, விஷயம், மன்னிச்சாச்சு எண்டு மூண்டு கோடு கீறி, ஏழெழுபது தரம் எண்டு ஆண்டவர் சொன்ன 490 வரைக்கும் எண்ணிக்கொண்டு வாறார், இப்ப 23 வந்திட்டுது. கேள்வி மூண்டு. 490 முடிஞ்ச பிறகு மன்னிக்காமல் விடலாமோ? மிசின் காசைக் கேட்டா மன்னிக்கேல்ல எண்டு ஆகிடுமோ? ஆவணி 15 மடுத் திருவிழாவுக்கு வழமை மாதிரி ரெண்டு குடும்பமும் ஒரே வானில போய் ஒரே கொட்டில்ல தங்குறதோ, விடுறதோ?

தம்பி, உங்கட கடிதத்தை வாசிக்கேக்க சிரிப்பை அடக்கேலாமல் போட்டுது, குறை நினைக்காதேங்கோ. எழுதேக்க நீங்களும் சில இடத்தில சிரிச்சிருக்கிறியள் எண்டுதான் எனக்குப் படுது, உண்மையாக் கொதிச்சுக்கொண்டிருக்கிற ஆள் அந்தப் பயித்தம்பணியாரக் கதையை அப்பிடி ரசிச்சு எழுதேலாது. அது நல்ல அறிகுறி. ஆனா ஐஞ்சு மாசமா நித்திரை குழம்புது, பாட்டுப் பயிற்சிக்குப் போகவே மனமில்லை எண்டும் எழுதியிருக்கிறியள், அது பகிடி இல்லை. ஒவ்வொண்டாப் பாப்பம்.

490 வரைக்கும் எண்ணுறது

ஐஞ்சு மாசத்தில 23 எண்டா, இந்த வேகத்தில மிச்சம் 467 வர இன்னும் எட்டரை வருஷம் செல்லும், அதுக்குள்ள உங்கட மூத்தவன் கலியாணம் கட்டிப்போடுவான், தபேலா ஆர் அடிக்கிறது? கணக்கை விடுங்கோ. பேதுரு எண்ட இராயப்பர்தான் முதல்ல எண்ணிக்கையோட வந்தவர், ஏழுதரம் போதுமோ எண்டு, அவர் தாராளமாத்தான் கேட்டவர். மத்தேயு 18ல அதுக்கு வந்த மறுமொழி எண்ணச் சொல்லி இல்லை. பழைய ஏற்பாட்டில தொடக்க நூல் 4ல லாமேக்கு எண்டொருத்தன் தன்ர பெண்சாதிமாருக்கு முன்னால, காயினுக்கு ஏழு மடங்கு பழி எண்டா எனக்கு எழுபத்தேழு மடங்கு எண்டு பெருமையடிக்கிறான். பழிவாங்குறதுக்கு அவன் சொன்ன அந்தப் பெரிய கணக்கை ஆண்டவர் தலைகீழாப் பிரட்டி மன்னிக்கிறதுக்குச் சொன்னவர் எண்டு பைபிள் படிச்ச பலபேர் விளக்குவினம், எனக்கும் அதுதான் சரியாப் படுது.

கொப்பியில எனக்குப் பிடிச்ச இடம் 14உம் 15உம். 14ல "சமாதானம் சொல்லேக்க என்னைப் பாத்து நெளிஞ்ச சிரிப்புச் சிரிச்சவன்" எண்டு எழுதி மன்னிச்சாச்சு எண்டு சரி போட்டிருக்கிறியள். 15ல "14ஐ நினைக்க நினைக்கக் கோவம் வருது" எண்டு கிடக்கு. அப்ப 15 அவற்ற குற்றமோ உங்கடயோ? நீங்கள் இதால நான் வெளிவேசக்காரன் எண்டு கவலைப்பட்டு எழுதியிருக்கிறியள். அது பிழையான நினைப்பு. எவரெட் வொர்திங்டன் எண்ட அமெரிக்க உளவியலாளர், அவரும் ஒரு கிறிஸ்தவர், மன்னிப்பைப் பற்றியே கனகாலம் ஆராய்ச்சி செய்தவர், மன்னிப்பில ரெண்டு வகை இருக்கெண்டு சொல்லுறார். ஒண்டு முடிவெடுத்து மன்னிக்கிறது, இனி இவனுக்குக் கெடுதல் செய்யிறேல்ல, பழிவாங்கிறேல்ல எண்டு. மற்றது உணர்ச்சியால மன்னிக்கிறது, கோவம் தணிஞ்சு மனசு மாறுறது. முதலாவதை இண்டைக்குப் பின்னேரமே செய்யலாம், ரெண்டாவது மெதுவாத்தான் வரும், சிலவேளை பின்னுக்கும் போகும். சரி போட்ட பிறகும் கோவம் வாறது அதாலதான். அதுக்காக நீங்கள் மன்னிச்சது பொய்யாகாது.

ஆனா கொப்பி எழுதுறதை நிப்பாட்டுங்கோ. 19ம் இலக்கம் "தேத்தண்ணிக்கு சீனி குறைச்சுத் தந்தவன்" எண்டிருக்கு. மிசின் உடையாமல் இருந்திருந்தா உங்களுக்கு அந்தச் சீனி தெரிஞ்சிருக்கவே மாட்டுது. எழுதவெண்டு கொப்பி வைச்சிருக்கிற ஆளுக்குக் கண் குற்றத்தையே தேடும்.

ஆருக்கெல்லாம் சொன்னியள்

மனிசிக்குச் சொன்னியள், மச்சானுக்குச் சொன்னியள், கராஜ்காரருக்குச் சொன்னியள், பாவசங்கீர்த்தனத்தில பாதருக்குச் சொன்னியள் (அங்க நீங்கள் சிநேகிதன்ர பாவத்தை முழுக்கச் சொல்லி முடிக்க "சரி, இனி உங்கட பாவத்தைச் சொல்லுங்கோ" எண்டு பாதர் கேட்டதை வாசிச்சு அவருக்காகப் பாவப்பட்டன்), இப்ப எனக்கு ஏழு பக்கத்தில சொல்லியிருக்கிறியள். சொல்லாத ஆள் ஒராள்தான், தபேலாக்காரர்.

நீங்கள் 490ஐ எடுத்த அதே மத்தேயு 18லதான் கொஞ்சம் மேல, 15ம் வசனம் இருக்கு, உன் சகோதரன் உனக்கு எதிராக் குற்றம் செய்தா அவனும் நீயும் தனிச்சிருக்கேக்க போய் எடுத்துச் சொல்லு எண்டு. கேக்காட்டித்தான் ஒண்டு ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போறது, அதுக்கும் பிறகுதான் சபைக்குச் சொல்லுறது. நீங்கள் ரெண்டு பேரும் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி சபையில தொடங்கியிருக்கிறியள். லூக்கா 17லயும் பிழை செய்தவனைக் கண்டி, மனம் வருந்தினா மன்னி எண்டுதான் வருது. ஆனபடியா சொல்லாமல் விழுங்குறதுதான் கிறிஸ்தவ மன்னிப்பு எண்ட நினைப்பை மாத்துங்கோ.

மத்தேயு 5ல இன்னொண்டு. காணிக்கை வைக்கப் போகேக்க, உன்னில உன் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருக்கெண்டு ஞாபகம் வந்தா காணிக்கையை அங்கயே விட்டிட்டுப் போய் சமாதானமாகு எண்டு. வடிவா வாசியுங்கோ, உங்களுக்கு அவரில இருக்கிற மனத்தாங்கல் இல்லை, அவருக்கு உங்களில இருக்கிறது. அவருக்கு இருக்கெண்டு கோயில் முழுக்கக் கேக்கச் சொல்லியாச்சே. அவர் பிழை விட்டிருந்தாலும் நீங்கள்தான் போகவேணும், அவருக்கு உங்களில குறையிருந்தாலும் நீங்கள்தான் போகவேணும். அவருக்கும் அதே சட்டம்தான். ரெண்டு பேரும் பைபிளைச் சரியா வாசிச்சிருந்தா பங்குனியிலயே நடுறோட்டில சைக்கிளோட சைக்கிள் முட்டுப்பட்டிருக்கவேணும்.

அவற்ற மன்றாட்டைப் பற்றியும் சொல்லவேணும், ஏனெண்டா உங்களுக்கு மிசினைவிட அதுதான் கூடச் சுட்டிருக்கு. "மன்னிக்கிறன்" எண்டு ஊர் முன்னால சொல்லேக்க அதுக்குள்ள "நீ குற்றவாளி" எண்ட தீர்ப்பு இருக்கு, விசாரணை இல்லாமல். கேக்கிற சனம் அவரை நல்லவரெண்டும் உங்களை மனம் இறுகினவரெண்டும் எடுத்துக்கொள்ளும், நீங்கள் எழும்பி மறுத்தா இன்னும் இறுகினவர். நாங்கள் சண்டை பிடிக்கக்கூடாது எண்டு சொல்லி வளத்த ஆக்கள், அதால எங்கட சண்டையெல்லாம் செபத்துக்குள்ள ஒளிஞ்சுகொள்ளுது. நீங்கள் அடுத்த கிழமை செய்ததும் அதேதான், ஒயில் எண்ட சொல்லைப் போட்டதால கொஞ்சம் பச்சையாப் போச்சுது. உங்கட பங்குத்தந்தை எழுதித் தரச் சொன்னது கெட்டித்தனமான வேலை.

ஆறாம் பக்கத்து ஓரத்தில

உங்கட கடிதத்தில ஆறாம் பக்கத்தில, ஓரத்தில, சின்ன எழுத்தில "மிசினைக் குடுக்கேக்க ஒயில் பாத்தனானோ எண்டு எனக்கே சரியா ஞாபகமில்லை" எண்டு ஒரு வரி இருக்கு. பிறகு வெட்டியிருக்கிறியள், ஆனா வாசிக்கலாம்.

தம்பி, முழுக் கடிதமும் அந்த ஒரு வரியிலதான் கிடக்கு. இரவல் வாங்கினவர் ஒயில் பாத்திருக்கவேணும், அதில கதையில்லை. ஆனா இரவல் குடுக்கிறவரும் "மச்சான், ஒயில் குறைவு, பாத்து ஓட்டு" எண்டு சொல்லுறது வழக்கம். ரெண்டு பேரும் பாக்கேல்லை எண்டா ரெண்டு பேருக்கும் பங்கிருக்கு, அப்ப அவர் உங்களை மன்னிச்சதில ஒரு அரைவாசி செல்லும் எண்டு ஆகிடும், அந்தப் பயத்திலதான் வரியை வெட்டினியள் எண்டு நினைக்கிறன்.

இது என்ர ஊகம்தான். மிசின் நிண்ட உடனேயே அவருக்கு விளங்கியிருக்கும். இல்லாட்டி இரவல் மிசினை ஆர் அப்பிடிக் கழுவித் துடைச்சுக் கொண்டாறது? நீங்கள் கேப்பியள் எண்டு காத்துக்கொண்டு இருந்திருப்பார், நீங்கள் கேக்கேல்ல, முகத்தை மட்டும் மாத்தினியள். கேட்டிருந்தா ஒண்டில் மன்னிப்புக் கேட்டிருப்பார் அல்லது சண்டை பிடிச்சிருப்பார், எதெண்டாலும் அண்டைக்கே முடிஞ்சிருக்கும். கேக்காத கேள்விக்கு மறுமொழி சொல்ல வழியில்லாமல்தான் மனுசன் ஆண்டவரிட்டப் போய்ச் சொல்லியிருக்கிறார், மைக்கும் பக்கத்தில இருந்திட்டுது.

மிசின் காசு

மன்னிச்சா காசைக் கேக்கக்கூடாது எண்டு எங்கையும் இல்லை. கோவத்தை விடுறது ஒண்டு, கடனைத் தள்ளுறது இன்னொண்டு. ரெண்டையும் சேத்துச் செய்யலாம், ஒண்டை மட்டும் செய்யலாம். பவுலடியார் பிலமோனுக்கு எழுதின சின்னக் கடிதத்தில, பிலமோனின்ர அடிமையா இருந்த ஒனேசிமுவைத் திரும்ப ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுறார், அதே மூச்சில அவன் உமக்கு ஏதும் கடன்பட்டிருந்தா என்ர கணக்கில எழுதும், நான் தருவன் எண்டு தன்ர கைப்பட எழுதிக் குடுக்கிறார். அன்புக் கடிதத்துக்குள்ளயே கணக்கும் இருக்கு.

மன்னிக்காத பணியாளன் உவமையைச் சொல்லித்தான் உங்கட மனிசி உங்களை வாயடைக்கப் பண்ணினவ எண்டு எழுதியிருக்கிறியள். அதில ராசா அந்தப் பணியாளனுக்குத் தள்ளிவிட்ட கடன் பத்தாயிரம் தாலந்து, ஒரு தாலந்து கிட்டத்தட்ட 6,000 தெனாரி, ஒரு தெனாரி ஒரு நாள் கூலி, ஆருமே கட்டி முடிக்கேலாத தொகை. அவனிட்ட இன்னொரு பணியாளன் பட்ட கடன் நூறு தெனாரி. அதைச் சில்லறைக் காசு எண்டு பிரசங்கத்தில சொல்லக் கேட்டிருப்பியள், அது நூறு நாள் கூலி, சும்மா காசில்லை. உங்கட 14,500ஐ இண்டைக்குத் தோட்டக் கூலியால பிரிச்சுப் பாருங்கோ, எத்தினை நாள் வேர்வை எண்டு தெரியும். அந்த நட்டம் உண்மையான நட்டம், மன்னிக்கிறதுக்காக அதை ஒண்டுமில்லை எண்டு நடிக்கத் தேவையில்லை. அந்தப் பணியாளன் பிழைச்சது காசு கேட்டதில இல்லை, தன்ர மலையைத் தள்ளுவிச்சுப்போட்டு வந்து மற்றவன்ர கழுத்தை நெரிச்சதில.

உங்கட மச்சான் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்லுறார் எண்டியள். 1988ம் ஆண்டு 72ம் இலக்கச் சட்டத்தில வந்தது அது, சின்னத் தொகைப் பிணக்குகள் கோட்டுக்குப் போகமுன்னம் அங்கதான் போகவேணும், அங்க தீர்ப்புச் சொல்லுறேல்ல, ரெண்டு பக்கத்தையும் இருத்திக் கதைச்சு இணங்க வைக்கிறதுதான் வேலை. உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா இணங்கவைக்கிறதுக்கு இருக்கிற இடத்துக்கு, ஒருக்காலும் நேர கதைச்சுப் பாக்காத ரெண்டு பேர் போனா முதல் கேள்வியே "ஆளிட்டக் கேட்டனியளோ" எண்டுதான் வரும். என்ர எண்ணம், பாதிக்குப் பாதி எண்டு முடியுங்கோ, அதுவும் அவர் வாய் திறந்த பிறகு.

இதில ஒண்டைச் சேத்துச் சொல்லவேணும். இதை வாசிக்கிற ஒரு சகோதரி, அடிக்கிற புருஷனை எழுபதுதரம் ஏழு மன்னி எண்டு தன்னை ஆக்கள் நெருக்கினம் எண்டு நினைச்சா, அவவுக்கு என்ர மறுமொழி இது இல்லை. அங்க முதல் வேலை பாதுகாப்பு, பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938க்கு அடியுங்கோ, மன்னிப்பைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். மிசின் வேற, ஆள் வேற.

மடு

ஒரே கொட்டில்ல தங்காட்டிப் பாவமில்லை. பவுலும் பர்னபாவும் மாற்கைக் கூட்டிக்கொண்டு போறதோ விடுறதோ எண்டு கடுமையாப் பிடுங்குப்பட்டு, ஒராள் கப்பலேறி சைப்பிரசுக்கும் மற்றாள் சிரியாப் பக்கமும் போனவை, திருத்தூதர் பணி 15ல பச்சையா எழுதியிருக்கு. பிறகு அதே பவுல்தான் திமோத்தேயுவுக்கு எழுதேக்க மாற்கையும் கூட்டிக்கொண்டு வா, எனக்கு உதவியா இருப்பான் எண்டவர். ஆனபடியா இந்த வருஷம் ரெண்டு வானில போனாலும் வானம் இடியாது. ஆனா உங்கட பிள்ளையளும் அவற்ற பிள்ளையளும் மடுக் காட்டுக்குள்ள விறகு பொறுக்கிச் சேர்ந்து திரியிறதுக்கு வருஷம் முழுக்கக் காத்திருக்குதுகள் எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள். அதுகளுக்கு பிஸ்டன் எண்டா என்னெண்டு தெரியாது.

மெனிக் பாமில ஒரு சண்டையும் வரேல்லையே, இப்ப ஏன் எண்டு கேட்டிருக்கிறியள். அப்ப இரவல் குடுக்க ரெண்டு பேரிட்டயும் என்ன இருந்தது தம்பி?

வான்காரனுக்கு வாற புதன்கிழமைக்குள்ள ஆக்கள் எத்தினை பேர் எண்டு சொல்லவேணும் எண்டு எழுதியிருக்கிறியள். அப்ப அதுக்கு முன்னம் ஒரு பின்னேரம் போங்கோ. பலகாரம் கொண்டு போகாதேங்கோ, பைபிளும் வேண்டாம். "நான் உன்னை மன்னிச்சிட்டன்" எண்டு தொடங்கினா அவர் "நான்தான் உன்னை முதல் மன்னிச்சது" எண்டு தொடங்குவார், பிறகு ஆர் முதல் எண்டதில இன்னொரு ஐஞ்சு மாசம். இப்பிடிச் சொல்லிப் பாருங்கோ: "மச்சான், மிசின் பழுதானதை அண்டைக்கே உன்னட்டக் கேட்டிருக்கவேணும், நான் கேக்கேல்ல. குடுக்கேக்க ஒயில் பாத்தனானோ எண்டு எனக்கே நிச்சயமில்லை. என்னடா நடந்தது?" அதோட நிப்பாட்டுங்கோ, "ஆனாலும்" எண்டு இழுக்காதேங்கோ. அவர் கொஞ்ச நேரம் ஒண்டும் பேசாமல் இருப்பார், அதை நிரப்பவெண்டு நீங்கள் வசனம் சொல்லத் தொடங்கவேண்டாம். அவர் கத்தினா கத்தட்டும், அது ஸ்டேட்டஸ் போடுறதைவிட நல்லது. மன்றாட்டுச் சொன்னது உங்களை நோகப்பண்ணினது எண்டதையும் அண்டைக்கே சொல்லுங்கோ, வீட்டை வந்து கொப்பியில எழுதாதேங்கோ. காசுக் கதையை அவர் தொடங்கினா அண்டைக்குக் கதையுங்கோ, தொடங்காட்டி மடுவால வந்த பிறகு.

அவர் ஒண்டுக்கும் மசியாமல் கதவைச் சாத்தினாரெண்டா பங்குத்தந்தையையோ பாடல்குழுவில மூத்த ஒராளையோ கூட்டிக்கொண்டு இன்னொருக்காப் போங்கோ, அதுவும் சரிவராட்டி வேற வான் பிடியுங்கோ, பிறகு எனக்கு எழுதுங்கோ. ரெண்டு பக்கத்துக்குள்ள எழுதினா நல்லம்.